அம்மா கன்னத்தில் பச்சைக் கட்டம்

அம்மாவுடைய எழுபதாவது பிறந்தநாள் வீடியோவின் பதினோராவது நிமிடத்தை இதுவரை ஒரு நூறு தடவையாவது பார்த்திருப்பேன். அக்கா கேக் துண்டை அம்மா வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். "போதும்டி, சக்கரை ஏறும்" என்று அம்மா முகத்தைத் திருப்புவார். அந்த நேரம் பார்த்து இடது கன்னத்தில் பச்சையாக ஒரு சதுரம் முளைக்கும். அதை ஒட்டி இன்னும் நாலைந்து கட்டங்கள். முகம் அசைய அவையும் கொஞ்சம் நகரும். ஒன்றரை விநாடி இருக்கும். அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி கன்னம் பழையபடி கன்னமாகிவிடும்.

முதலில் பிளேயரைச் சந்தேகப்பட்டேன். வேறு பிளேயரில் போட்டேன், என் மடிக்கணினியில் போட்டேன், தம்ப் டிரைவில் ஏற்றி டிவியில் செருகிப் பார்த்தேன். அதே நிமிடம், அதே கன்னம். ஆக, கோப்பே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எடுத்த போனில் இடம் போதாமல் அசலை எப்போதோ அழித்தாயிற்று.

காரணம் அக்கா மகனின் கணினியில் இருந்த ரேம், அதாவது வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. அதில் இருந்த நாலு ஸ்டிக்கில் ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை என்பதுதான் இன்னும் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தக் கணினியை நானும் அவனும் 2020ல் கட்டினோம். சர்க்கியூட் பிரேக்கர் என்று சிங்கப்பூரில் அழைத்த கொவிட் முடக்கம் முடிந்து கடைகள் திறந்த கையோடு, கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய், ஏ4 தாளில் பொடி எழுத்தில் அடித்த விலைப்பட்டியல்களை நாலு கடையில் வாங்கி, எஸ்கலேட்டர் ஓரத்தில் நின்று பேனாவால் வட்டம் போட்டு வாங்கியது. ரைசன் 5 3600, ஒரு பி450 மதர்போர்டு, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. அப்போது அவன் உயர்நிலைப் பள்ளியில் இருந்தான். இப்போது பாலிடெக்னிக். கேம் போதாதென்று வீடியோ எடிட்டிங்கும் சேர்ந்துகொண்டது. 16 ஜிபி பத்தவில்லை.

கேட்ட நேரம்தான் சரியில்லை. 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றம் தெரிந்திருக்கும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போக, தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். வீட்டுக் கணினிக்கு வாங்குகிறவன் வரிசையின் கடைசியில் நிற்கிறான். புதிதாக 32 ஜிபி ஜோடி ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தக் காசுக்கு நாம கட்டினப்ப பாதி பிசியே வந்திருக்கும்" என்றான். பாதி வந்திருக்காது. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லை.

சரி, இருக்கிற இரண்டோடு இன்னும் இரண்டு சேர்ப்போம், பழையதாக வாங்கினால் போகிறது என்று நான்தான் யோசனை சொன்னேன். இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், நான்தான் சொன்னேன். அதே பிராண்ட், அதே மாடல், அதே 3200 வேகம், அதே கறுப்பு அலுமினியச் சட்டை. ஜோடி 60 வெள்ளி. காத்திப் எம்ஆர்டி நிலையத்தில் விற்பவர் டிக்கெட் கேட்டுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கேட்டுக்கு மேலேயே கவர் கைமாறியது, பேநவ்வில் பணம் போனது, அவர் அடுத்த ரயிலைப் பிடிக்க ஓடினார். மொத்தம் நாற்பது விநாடி. கவரைப் பிரித்து ஸ்டிக்கரைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அவரும் ஒன்றும் ஏமாற்றவில்லை, விளம்பரத்தில் போட்டிருந்த படத்தில் எல்லாம் தெளிவாகவே இருந்தது.

செருகினோம். கணினி எழுந்தது. 32 ஜிபி என்று காட்டியது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பைப் போட்டோம், 3200 என்று காட்டியது. "சூப்பரா ஓடுது மாமா!" அக்கா கோப்பி கலக்கிக் கொடுத்தாள். நான் பெரிய மனுஷன் மாதிரி குடித்துவிட்டு உட்லண்ட்ஸுக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த இரண்டு வாரம் நடந்ததெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத விஷயங்கள். பிரவுசரில் ஒரு டேப் செத்துப்போகும். கேம் நடுவில் எந்தத் தகவலும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். பாலிடெக்னிக் தளத்திலிருந்து இறக்கிய ஜிப் கோப்பு பிரியாது, மறுபடி இறக்கினால் பிரியும். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு சமாதானம் இருந்தது: கேம் அப்டேட் சரியில்லை, வைஃபை சரியில்லை, விண்டோஸ்னா அப்படித்தான். விண்டோஸ் மொத்தமாகச் சாய்ந்து நீலத்திரை வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம். வரவில்லை. அந்த இரண்டு வாரத்துக்குள்தான் அக்கா தன் போனில் இருந்த படம், வீடியோ எல்லாவற்றையும் அந்தக் கணினிக்கு மாற்றிவிட்டு போனைக் காலி செய்தாள்.

வட்டிலிருந்தோ போனிலிருந்தோ ஒரு கோப்பைக் காப்பி செய்தால் அது நேராகப் போய் விழுவதில்லை, ரேமைத் தொட்டுத்தான் போகும். அந்தக் கணம் ரேமில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால், புரண்டபடியே எழுதப்படும். வீடியோ என்றால் இன்னும் மோசம். ஒவ்வொரு படமும் முழுசாகச் சேமிக்கப்படுவதில்லை. முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதுதான் பெரும்பாலும் இருக்கும். ஒரு இடத்தில் தப்பு விழுந்தால் அடுத்த முழுப் படம் வரும்வரை அந்தத் தப்பு தொற்றிக்கொண்டே போகும். அம்மா கன்னத்தில் கட்டங்கள் நகர்ந்ததற்கும், ஒன்றரை விநாடியில் தானாக மறைந்ததற்கும் கணக்கு அதுதான். சர்வர்களில் போடும் ஈசிசி ரேமில் எட்டு சிப்புக்கு ஒன்பதாவதாக ஒரு சிப் காவலுக்கு இருக்கும், ஒரு பிட் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்திவிடும். நம் வீட்டு ரேமுக்குக் காவல் கிடையாது.

பச்சைக் கட்டத்தைப் பார்த்த அன்று ராத்திரியே மெம்டெஸ்ட்86+ஐத் தம்ப் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஈசூனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடி, ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடும் இலவச நிரல் அது. நாற்பது நிமிடம் ஒன்றுமில்லை. மருமகன் தூங்கப் போய்விட்டான். அப்புறம் ஒரு சிவப்பு வரி வந்தது. எழுதியது எட்டு எஃப். திரும்பி வந்ததில் ஒரே ஒரு எஃப் மட்டும் பி ஆகியிருந்தது. பதினாறடிமானக் கணக்கில் எஃப் என்றால் 1111, பி என்றால் 1011. ஒரு பிட். முப்பத்திரண்டு ஜிபியில் ஒரே ஒரு பிட், அக்கா வீட்டு ஹாலில் ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, என் கண் முன்னால்.

வாங்கின ஜோடிதான் கோளாறு என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். பழைய ஜோடியைக் கழற்றிவிட்டு, புது ஜோடியை மட்டும் போட்டு விடிய விடிய ஓடவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை. பிறகு பழைய ஜோடி மட்டும். அதிலும் இல்லை. நாலையும் சேர்த்துப் போட்டால் மறுபடி சிவப்பு. நாலு மருமகள்களும் தங்கம், கூட்டுக்குடித்தனம்தான் ஒத்துவரவில்லை என்கிற கதை.

பென்சில் அழிப்பானால் தங்கநிறப் பல்லைத் தேய்த்துப் போடும் வைத்தியத்தையும் செய்தேன். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சில சமயம் பலிக்கும். இப்போது பலிக்கவில்லை.

அப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் படித்தேன். பழையதில் 16-18-18-36. புதியதில் 16-20-20-38.

முதல் எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதும் அதைத்தான், சிஎல்16 என்று. இரண்டாவது எண்ணை யாரும் கண்டுகொள்வதில்லை. ரேமுக்குள் இருப்பது இழுப்பறைகள் அடுக்கிய பெரிய மளிகைக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் இழுப்பறையிலிருந்து சாமானை எடுத்துக் கொடுக்க ஆகும் நேரம் முதல் எண். மூடியிருக்கும் இழுப்பறையை இழுத்துத் திறக்க ஆகும் நேரம் இரண்டாவது. அதைத் திரும்பச் சாத்த மூன்றாவது. எண்கள் எல்லாம் கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கை. 3200 ரேமின் உண்மையான கடிகாரம் 1600 மெகாஹெர்ட்ஸ், துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் போவதால் அதை 3200 என்கிறோம். ஒரு துடிப்பு 0.625 நானோநொடி. பழைய ஸ்டிக் இழுப்பறையைத் திறக்க 18 துடிப்பு, அதாவது 11.25 நானோநொடி கேட்கிறது. புது ஸ்டிக் 20 துடிப்பு, 12.5 நானோநொடி கேட்கிறது.

இந்த விவரமெல்லாம் ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற எறும்பளவு சிப்பில் எழுதியிருக்கும். மதர்போர்டு எழும்போது அதைப் படித்துத்தான் முடிவெடுக்கும். எக்ஸ்எம்பி போடாமல் விட்டால் போர்டு ஜாக்கிரதையாகத்தான் இருக்கும்: நாலிலும் எது மெதுவோ அதற்கேற்ப எல்லோரையும் நடக்கவைக்கும். எக்ஸ்எம்பி வேறு விஷயம். அது தயாரிப்பாளர் எழுதிவைத்த வேகப் பட்டியல், ஒரே கிட்டில் வந்த ஸ்டிக்குகளை மனதில் வைத்து எழுதியது. எங்கள் போர்டு பழைய ஸ்டிக்கின் பட்டியலை எடுத்து நாலு தலையிலும் கட்டிவிட்டது. புது ஜோடிக்கு ஒவ்வொரு தடவையும் ஒன்றேகால் நானோநொடி குறைந்தது. பெரும்பாலும் எப்படியோ சமாளித்துவிடும். எப்போதாவது ஒரு தடவை இழுப்பறை முழுசாகத் திறப்பதற்குள் கையை விட்டுவிடும்.

ஒரே மாடலில் எப்படி இரண்டு விதம்? இதைச் சிம் லிம்மில் இருபது வருஷமாகக் கணினி கட்டிக்கொடுக்கும் ஒரு சீன அங்கிளிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். அரிசி மூட்டையில் பிராண்ட் ஒன்றுதான், உள்ளே இருக்கும் நெல் வருஷா வருஷம் ஒரே வயலில் இருந்தா வருகிறது லா என்றார். சட்டைக்குள் இருக்கும் சிப்பை உலகத்தில் பெருமளவு செய்கிறவர்கள் மூன்று பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஸ்டிக் விற்கும் பிராண்ட், அந்தந்தக் காலத்தில் யாருடைய சிப் கிடைக்கிறதோ அதை வாங்கிப் பொருத்தி, தன் சட்டையைப் போட்டுவிடும். சிபியு-இசட் என்ற இலவச நிரலில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சிப் கூட்டத்துக்கு ரேங்க் என்று பேர். எங்கள் பழைய ஜோடியில் ஒவ்வொன்றும் ஒற்றை ரேங்க், 8 கிகாபிட் சிப் எட்டு. புதியது இரட்டை ரேங்க், 4 கிகாபிட் சிப் பதினாறு. இரண்டுமே 8 ஜிபி. வெளியே இரட்டைப் பிள்ளைகள், உள்ளே பங்காளிகள்கூட இல்லை.

டைமிங் என்கிற இந்த எண்கள் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்து, கையாலேயே 16-20-20-38 என்று மாற்றி 3200ல் ஓடவிட்டேன். பிழை குறைந்தது, போகவில்லை. ஏனென்றால் பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கும் ஒரு எல்லை உண்டு. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டியே வகுத்த கணக்கு: இரண்டு ஸ்டிக் என்றால் 3200. ஒற்றை ரேங்க் நாலு என்றால் 2933. இரட்டை ரேங்க் நாலு என்றால் 2667. நாங்கள் இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டு 3200 கேட்டோம்.

நாலாக இருந்தால் மட்டும் ஏன் திணறுகிறது என்று கேட்டால், தூரமும் எதிரொலியும்தான். 3200ல் ஒரு கம்பியில் விநாடிக்கு 3.2 பில்லியன் பிட் போகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியே ஒன்பது சென்டிமீட்டர்தான் போகும். மதர்போர்டின் செம்புக் கோட்டில் மின்சமிக்ஞை அதில் ஏறக்குறைய பாதி. முதல் பிட் ரேமைச் சேர்வதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். இந்த வேகத்தில் கோட்டின் ஒவ்வொரு கிளையும், ஒவ்வொரு முனையும் சமிக்ஞையைக் கொஞ்சம் திருப்பி அடிக்கும். ராத்திரி அடுக்குமாடிக்குக் கீழே திறந்துகிடக்கும் வாய்ட் டெக்கில் யாராவது சத்தமாகப் பேசினால் தூணுக்குத் தூண் மோதி வார்த்தை கலங்கி வருமே, அந்த மாதிரி. இரண்டே ஸ்டிக் போடும்போது பிராசசரிலிருந்து இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடு என்று கையேடு சொல்வதும் இதனால்தான். பெரும்பாலான போர்டுகளில் அவைதான் கோட்டின் கடைசி முனை, முனையைக் காலியாக விட்டால் எதிரொலி கூடும்.

பிராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் பாதைக்குச் சேனல் என்று பேர், எங்கள் போர்டில் இரண்டு. மருமகன் வேறு, பழைய ஜோடியை ஒரு சேனலிலும் புதிய ஜோடியை இன்னொரு சேனலிலும் போட்டிருந்தான். நிறம் மாட்ச் ஆகிறது என்றான். ஒரு ஜோடியைச் சேனலுக்கு ஒன்றாகப் பிரித்துப் போடுவதுதான் முறை. எல்லாம் 8 ஜிபி என்பதால் எங்களுக்குக் கொள்ளளவில் நஷ்டமில்லை. 8ம் 16மாகக் கலக்கிறவர்கள் இரண்டு சேனலிலும் கூட்டுத்தொகை சமமாக வரும்படி போட வேண்டும், இல்லாவிட்டால் மிஞ்சுகிற பகுதி ஒற்றைச் சேனலில் மெதுவாக ஓடும்.

2933க்கு இறக்கினோம். ராத்திரி முழுக்கச் சுத்தம். நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு மருமகனிடமிருந்து படம் வந்தது: ஒரே ஒரு சிவப்பு வரி. அவன் அறை மேற்குப் பார்த்தது, பகலில் ஏர்கான் போட அக்கா விடமாட்டாள்.

வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம். நம் ரேம் ஸ்டிக்கில் இருக்கும் சிப் வகைக்கு டிராம் என்று பேர். அது அடிப்படையில் ஓட்டைக் குடம். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டி மின்தேக்கி, அவ்வளவுதான். ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் இதற்குக் காப்புரிமை பெற்றது 1968ல். மின்தேக்கியில் இருக்கும் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிநொடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். சிப் 85 டிகிரியைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்பச் சொல்கிறது விதிமுறை. எங்கள் ஸ்டிக் அந்தச் சூட்டுக்குப் போயிருக்காது. ஆனால் ஏற்கெனவே நூலில் தொங்குகிற ஏற்பாட்டுக்குப் பத்து டிகிரிகூடப் போதும் என்பது என் ஊகம்.

இந்த 64 மில்லிநொடிக் கணக்கை எனக்கு முதலில் சொன்னவர் சித்தப்பா. தொண்ணூறுகளில் அவர் உட்லண்ட்ஸில் டெக் செமிகண்டக்டரில் ஷிப்ட் வேலை பார்த்தார். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், கேனன், ஹியூலெட் பேக்கார்ட், நம் பொருளியல் வளர்ச்சிக் கழகம் நாலும் கூட்டுச் சேர்ந்து 1991ல் தொடங்கிய நிறுவனம். டிராம் செய்தார்கள். பின்னால் மைக்ரான் கைக்குப் போனது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பில், கண் மட்டும் தெரிய நிற்கும் சித்தப்பா படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. என்ன சித்தப்பா செய்றீங்க அங்கே என்று கேட்டால், "மறக்கிறதுக்கு முன்னாடி ஞாபகப்படுத்துற சாமான்" என்பார். அப்போது சத்தியமாகப் புரியவில்லை.

கடைசியில் 2666, 16-20-20-38, 1.35 வோல்ட். மத்தியான வெயிலிலும் இரண்டு நாள் தொடர்ந்து ஓடி ஒரு பிழையும் இல்லை. வேகம் குறைந்ததை மருமகன் கண்டுபிடிக்கவில்லை. 16 ஜிபி நிரம்பி, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு வழிந்துகொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல். ரேமில் நானோநொடியில் முடியும் வேலை அங்கே மைக்ரோநொடிக் கணக்கில் இழுக்கும்.

அப்படியானால் கலக்கலாமா? கையில் காசிருந்தால் ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக வாங்கிவிட்டு, பழையதை விற்றுவிடுங்கள். காசில்லை, எங்களுடையதைப் போல டிடிஆர்4 தலைமுறை ரேம் போடும் கணினி, வேகத்தை விட்டுக்கொடுக்கத் தயார் என்றால் தாராளமாகக் கலக்கலாம், எக்ஸ்எம்பி பொத்தானை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5ல் நாலு ஸ்டிக் என்ற எண்ணமே வேண்டாம் என்பேன். ரைசன் 7000ல் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 சொல்லும் ஏஎம்டி, நாலுக்கு 3600 என்றுதான் சொல்கிறது. இன்னொன்று, பழைய சாமான் விற்கும் இடங்களில் 32 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக் நம்பமுடியாத மலிவில் கண்ணில் பட்டால் ஒட்டியிருக்கும் காகிதத்தில் ரெஜிஸ்டர்டு என்று இருக்கிறதா பாருங்கள். சர்வர் சாமான் அது. அதே 288 பின், ஸ்லாட்டில் ஜோராக உட்காரும், வீட்டுக் கணினி எழாது. எந்த ரேமாக இருந்தாலும், செருகின அன்று ராத்திரி மெம்டெஸ்ட் ஓடி முடியும்வரை அதில் கோப்பு எதையும் மாற்றாதீர்கள். போனை அழிக்கவே அழிக்காதீர்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் அக்கா வீட்டில் கூடியபோது அந்த வீடியோவைப் பெரிய டிவியில் போட்டார்கள். பதினோராவது நிமிடம் வரப்போகிறதென்று நானும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கட்டம் வந்தது, போனது. அம்மா சோபாவில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஏண்டா, அன்னிக்கு எங்கூட உக்காந்திருந்த பிள்ளைங்க என் மூஞ்சியில கேக்கை அப்புனுச்சுங்களா?"

"ஆமாப் பாட்டி" என்றான் மருமகன். "பச்சைப் பாண்டான் கேக்."